கடன் மனுவில் நான் அடித்த கோடு

(கூட்டமைப்பின் ஆண்டுவிழாவில், மேட்டூர் அணைக்கரை கிராமத்திலிருந்து வந்த குழு ஊக்குநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



"நீங்க சொந்தமா பரிசல் செஞ்ச கதையைச் சொல்லுங்க, மத்த குழுக்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்று கேட்டிருந்தார்கள். சொல்கிறேன். ஆனால் அந்தக் கதையில் பாதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் தீர்மான நோட்டிலும் அது இல்லை. இன்றைக்கு அதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருக்கிறேன். சம்பந்தப்பட்டவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன்.

மகளிர் சுயஉதவிக் குழு என்பது தமிழ்நாட்டில் 1989-ல் முதன்முதலாக நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் ஆரம்பித்தது. அது நமக்கெல்லாம் பெருமை. அதே மாவட்டத்தின் ஓரத்தில், நாகமரைப் பக்கம், அணைத் தண்ணீர் வந்து முட்டும் கரையில் எங்கள் ஊர். எதிர்க்கரை பண்ணவாடி, அது சேலம் மாவட்டம். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடித்தபோது பல ஊர்கள் தண்ணிக்குள் போயின. தண்ணி வற்றும் வருஷத்தில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரியும், பார்த்திருப்பீர்கள். 120 அடி நிரம்பினால் எங்களுக்கு மீன் தூரப் போகும். வற்றினால் நாங்கள் தூரப் போகணும். எப்படியானாலும் பரிசல் இல்லாமல் பிழைப்பு இல்லை.

எங்கள் வீட்டில் வலை சொந்தம், பரிசல் வாடகை. மீன் விற்ற காசில் மூன்றில் ஒரு பங்கு பரிசல்காரருக்குப் போய்விடும். மீதியில் வியாபாரி தான் கொடுத்த முன்பணத்தைக் கழித்துக்கொண்டு கொடுப்பார். வீட்டுக்காரர் வலை விடுவார், நான் துடுப்புப் போடுவேன். கல்யாணமான வருஷத்திலிருந்து அப்படித்தான். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் "அவன் மீன் பிடிக்கிறான்" என்பார்களே தவிர, அவர்கள் மீன் பிடிக்கிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வண்டியில் போய் விழுந்து தோள்பட்டை உடைந்துவிட்டது. ஆறு மாசத்துக்கு வலை இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நானும் என் நாத்தனாரும் போகலாம் என்று முடிவு செய்தோம். அவள் கல்யாணமாகி மூணு வருஷத்தில் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். பரிசல்காரரிடம் போய்க் கேட்டேன். "பொம்பளைங்க கையில பரிசலைக் குடுத்து, நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். இத்தனை வருஷமாக அந்தப் பரிசலுக்குத் துடுப்புப் போட்டது யார் கை என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. நேராகக் குழுக் கூட்டத்துக்கு வந்தேன்.

குழுவிலும் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. "ஆடு வாங்கினா குட்டி போடும், மாடு வாங்கினா பால் கறக்கும். பரிசல் ஓட்டையானா என்னக்கா பண்ணுவே?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான், எல்லார் சேமிப்புப் பணமும் அதில் இருக்கிறதே. "அடுத்த கூட்டத்துக்குள் என்னென்ன செலவு என்று எழுதிக்கொண்டு வா" என்றார்கள்.

எழுதினேன். மூங்கில் எட்டு, 2,000 ரூபாய். பின்னுகிற பெரியவருக்கும் கையாளுக்கும் இரண்டு நாள் கூலி 2,800. சாக்கு, நூல், பிளாஸ்டிக் தாள் 900. தார் 1,500. துடுப்பு இரண்டு 600. பழைய வலை கிழிந்திருந்ததால் புது தங்கூசி வலை 3,500. மொத்தம் 11,300. அதற்குக் கீழே கடைசி வரியாக, உயிர்காப்பு உடை இரண்டு, 2,200 என்று எழுதியிருந்தேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் ராத்திரி அந்தக் கணக்கை மறுபடி பார்த்தேன். 13,500 என்றால் கொடுப்பார்களா என்று பயமாக இருந்தது. எதைக் குறைப்பது? மூங்கிலைக் குறைக்க முடியாது. தாரைக் குறைத்தால் ஒழுகும். வலை இல்லாமல் மீன் இல்லை. கடைசி வரியில் கோடு போட்டு அடித்தேன். யாரும் சொல்லவில்லை, நானேதான் அடித்தேன். அந்தக் கோட்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன். அதற்கு முன்னால் பரிசல் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், இங்கே ஆற்றங்கரை, ஏரிக்கரைக் குழுக்கள் நிறைய வந்திருக்கிறீர்கள், உபயோகப்படும்.

கடன் கிடைத்தது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பதினைந்து தவணை. எங்கள் ஊரில் பரிசல் பின்னுகிற பெரியவர் ஒருவர் இருந்தார். "நான் பின்னுறேன், நீங்க ரெண்டு பேரும் கூடவே நின்னு கத்துக்கணும். நாளைக்கு ஓட்டை விழுந்தா என்னைத் தேடி வரக்கூடாது" என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டார்.

மூங்கில் கல் மூங்கிலாக இருக்கணும். நடுவில் பொந்து குறைவு, வளைத்தால் சட்டென்று முறியாது. இளம் மூங்கில் வேண்டாம், அதில் பூச்சி சீக்கிரம் விழும். பச்சையாக இருக்கும்போதே பிளாச்சுகளாகக் கிழிக்கணும். காய்ந்துவிட்டால் தண்ணியில் ஊறப்போட்டுத்தான் வளைக்க முடியும். எங்களுக்கு வேண்டியது இரண்டு ஆள், ஒரு வலை, ஒரு கூடை மீன் தாங்குகிற பரிசல். வாய் அகலம் 6 அடி, ஆழம் ஒன்றே முக்கால் அடி. ஒரு பக்கம் மேலிருந்து இறங்கி, அடியில் ஓடி, மறுபக்கம் ஏறணும் என்பதால் பிளாச்சு ஒவ்வொன்றும் 11 அடி.

தரையில் முளைக்குச்சி அடித்து, 3 அடிக் கயிற்றைக் கட்டி வட்டம் போட்டார். நம்ம வீட்டு வாசலில் கோலத்துக்கு வட்டம் போடுகிற மாதிரிதான். அதற்குள் பிளாச்சுகளை மூன்று திசையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னினார். அடிப்பாகத்தில் இன்னொரு வரிசை சேர்த்து நெருக்கமாக்கினார், நாம் உட்காருகிற பாரமும் பாறையில் உரசுவதும் அங்கேதான். பின்னல் நகராமல் இருக்க நடுவில் கல்லை அடுக்கி வைத்து, நுனிகளை மேலே வளைத்து, மெல்லிய சிம்புகளால் கூடை முடைகிற மாதிரி சுற்றிச் சுற்றி முடைந்தார். விளிம்பில் நாலைந்து பிளாச்சுகளைச் சேர்த்து வைத்து நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். அந்தக் கட்டு நானும் நாத்தனாரும் போட்டது. விரலெல்லாம் கிழிந்து ரத்தம் வந்தது. பெரியவர் பார்த்துவிட்டு, இறுக்கம் போதாது என்று பாதியை அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னார்.

அந்தக் காலத்தில் மேலே மாட்டுத்தோல் போர்த்துவார்களாம். இப்போது சாக்குதான். உரச்சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியால் ஒன்றின் மேல் ஒன்று நாலு விரல் ஏறும்படி தைத்து, உள்ளே பிளாஸ்டிக் தாளும் வைத்து, கூட்டின் வெளிப்பக்கமாக இழுத்துக் கட்டினோம். தையல் நடு அடிப்பாகத்தில் வராமல் பார்த்துக்கொள்ளணும். பிறகு தார். இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். அவசரப்பட்டு, கொதிக்கிற தாரை அப்படியே பூசினேன். சாக்கு சுருங்கி ஓட்டை விழுந்துவிட்டது. கொஞ்சம் ஆறவிட்டு, இளகலாக இருக்கும்போது பூசணும். ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்தது. தார் காய்ச்சும் இடத்தில் தண்ணி சிந்தக் கூடாது, பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது. தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

நாலு நாள் காயவைத்து, கரையோரம் தண்ணியில் இறக்கி, உள்ளே கல்லை வைத்து ஒரு ராத்திரி விட்டோம். காலையில் உள்ளே கைவைத்துப் பார்த்தால் ஒரு இடத்தில் மட்டும் ஈரம். அதைத் திருப்பிப் போட்டு, துணியைத் தாரில் தோய்த்து ஒட்டினோம். அன்றைக்குப் பெரியவர், "இனி இது உங்க பரிசல்" என்று துடுப்பை என் கையில் கொடுத்தார்.

பரிசலை ஏன் வட்டமாகச் செய்கிறார்கள் என்று டவுன் பிள்ளைகள் கேட்பார்கள். படகு மாதிரி கீழே கூராக இல்லாமல் தட்டையாக இருப்பதால் முழங்கால் தண்ணியிலும் போகும். அணைக்குள் முங்கிக் கிடக்கும் பாறையிலும் மரக்கட்டையிலும் இடித்தால் மூங்கில் வளைந்து கொடுக்கும். இரண்டு பேர் தூக்கிக் கவிழ்த்துக் கரையில் வைத்துவிடலாம். ஆனால் அதே வட்டத்தால்தான் தொல்லையும். பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் தட்டாமாலை சுற்றும். முன் விளிம்போரம் உட்கார்ந்து, தண்ணியை நம்மைப் பார்த்து இழுக்கணும், ஒருமுறை வலமாக, ஒருமுறை இடமாக. காற்று அடித்தால் பிடித்து நிறுத்த அடியில் ஒன்றும் கிடையாது, இலை மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு பேரும் ஒரே பக்கம் போனால் அந்தப் பக்கம் அமுங்கிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும், இருபது வருஷமாகத் தெரியும்.

முதல் மூன்று மாசம் நல்லபடியாகப் போனது. சாயங்காலம் வலை விட்டு, விடியற்காலையில் எடுப்போம். ஜிலேபி தினமும் கிடைக்கும், கட்லாவும் ரோகுவும் கிடைக்கிற நாள் திருநாள். வாடகைப் பங்கு இல்லாததால் தவணை தவறாமல் கட்டினேன். கூட்டத்தில் கைதட்டினார்கள்.

ஆடி மாசம் வந்தது. அந்தக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. விடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது போனோம், அப்போது அமைதியாகத்தான் இருந்தது. பாதி வலை எடுத்திருப்போம், காற்று கிளம்பி அலை விளிம்பைத் தாண்டி உள்ளே விழ ஆரம்பித்தது. "விட்டுட்டுப் போயிடலாம் அண்ணி" என்றாள். நான், "3,500 ரூபா வலைடீ" என்றேன். சிக்கிக்கொண்ட வலையை இழுக்க நானும் அவள் பக்கமே நகர்ந்தேன். அவ்வளவுதான், பரிசல் சாய்ந்தது, அவள் தண்ணியில்.

அவளுக்கு நீச்சல் அரைகுறை. புடவை காலைச் சுற்றிக்கொண்டது. வலையின் அடையாளத்துக்குக் கட்டியிருந்த காலி 20 லிட்டர் கேன் ஒன்று பக்கத்தில் மிதந்தது. அதை எட்டிப் பிடித்துக்கொண்டாள். மூடியை இறுக்கி மூடிய அந்தக் கேன் கிட்டத்தட்ட 20 கிலோ பாரத்தைத் தாங்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அது தெரிந்து வைத்ததல்ல, வலைக்கு அடையாளமாக வைத்தது.

கேன் மிதக்கிறது, ஆனால் அவளைக் கீழே எதுவோ இழுக்கிறது. அவள் கால் கொலுசில் வலைக் கண்ணி மாட்டியிருந்தது. தங்கூசியைக் கையால் அறுக்க முடியாது. கத்தி கரையில் மீன் கூடைக்குள் கிடந்தது. என் கையில் இருந்த வலையைப் பிடித்து மேலே மேலே இழுத்தேன், காலும் கூடவே வந்தது. கொலுசுத் திருகாணியைத் திருக நேரமில்லை. பிடித்து இழுத்ததில் கொலுசு அறுந்து வலையோடு போய்விட்டது. கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளிக் கொலுசு. இன்னும் அணைக்குள்தான் கிடக்கிறது.

அவளை உள்ளே தூக்கினால் பரிசல் கவிழ்ந்துவிடும். அதனால் கேனை அக்குளில் இடுக்கிக்கொண்டு விளிம்பைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தண்ணியை மொண்டு மொண்டு ஊற்றினேன். மொள்ளுவதற்குப் பாத்திரம்கூட இல்லை, சாப்பாட்டுத் தூக்குதான். காற்று எங்களைத் தள்ளிக்கொண்டே போய்க் கரையில் சேர்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கரையேறியதும் இரண்டு பேரும் பேசவில்லை. அவள் ஒற்றைக் கொலுசோடு முன்னால் நடந்தாள், ஒரு காலில் மட்டும் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த வாரக் கூட்டத்தில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "காத்துல வலை கிழிஞ்சு போச்சு" என்றேன். ஊக்குநர் அப்படியே எழுதிக்கொண்டார். இன்றைக்கும் நோட்டில் அதுதான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், பரிசல்காரர் சொன்னது சரிதான் என்று ஆகிவிடும், இனி எந்தப் பெண்ணுக்கும் பரிசலுக்குக் கடன் கிடைக்காது என்று பயந்தேன். நாத்தனாரையும் சொல்லவிடாமல் செய்தேன். அவள் உயிரைப் பற்றிய விஷயத்தை நானே முடிவு செய்து மூடி வைத்தேன். அது அந்தக் கோட்டை அடித்ததைவிடப் பெரிய தப்பு.

ஏனென்றால், அடுத்த வருஷம் எங்கள் குழுவில் இன்னும் இரண்டு பேர் பரிசலுக்குக் கடன் கேட்டார்கள். என் மனுவைப் பார்த்துத்தான் எழுதினார்கள். மூங்கில், கூலி, சாக்கு, தார், துடுப்பு, வலை. அவர்கள் மனுவில் உயிர்காப்பு உடை என்ற வரியே இல்லை. நான் அடித்த கோடு அவர்கள் தாளில் வெற்றிடமாகப் போய்விட்டது. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. காரணத்தைச் சொல்லாமலே, "உடுப்பு இரண்டு சேர்த்தால்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று பிடிவாதம் பிடித்தேன். என் மீன் காசில் எனக்கும் அவளுக்கும் வாங்கினேன்.

இப்போது எங்கள் ஊரில் பெண்கள் ஓட்டுகிற பரிசல் நாலு இருக்கிறது. நாலுக்கும் நாங்கள் வைத்திருக்கிற கட்டுப்பாட்டைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

உயிர்காப்பு உடை மாட்டி, வார் இழுத்துப் பூட்டின பிறகுதான் கரையைவிட்டுத் தள்ளணும். உள்ளே மடித்து வைத்துக்கொண்டு போவது கணக்கில் சேராது. மூடி இறுக்கிய காலி கேன் இரண்டு, எதிரெதிராக உள்விளிம்பில் கட்டியிருக்கணும். பரிசலில் தண்ணி ஏறினாலும் அது முழுசாக முங்காது, பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கும். தண்ணி மொள்ள, பாதியாக வெட்டிய எண்ணெய் கேன் ஒன்று கயிற்றில் கட்டி. ஒரு கத்தி, அதுவும் கயிற்றில் கட்டி, கை எட்டும் இடத்தில். நீளமான கயிறு ஒன்று. டார்ச்சும் செல்போனும் பிளாஸ்டிக் உறையில். பரிசலுக்கு வெளியே சுற்றிலும் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறோம், விளிம்பிலிருந்து ஒரு அடி கீழே. அந்தக் கோடு தண்ணிக்குள் போனால் பாரம் அதிகம், ஒரு கூடை மீனை இறக்கி வைத்துவிட்டு வரணும்.

கொலுசு, மெட்டி, புடவை கூடாது. சுடிதார், மேலே வீட்டுக்காரர் பழைய சட்டை. முதலில் கிண்டல் செய்தார்கள், இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருத்தர் வலையை இழுத்தால் மற்றவர் எதிர்ப்பக்கம் உட்காரணும். காற்று கிளம்பினால் வலையை விட்டுவிட்டு வரணும். வலை குழுவின் கடனில் வாங்கியதாக இருந்தாலும் விட்டுவிட்டு வரணும். வருஷம் ஒருமுறை, ஆடிக்கு முன்னால், திருப்பிப் போட்டுத் தார் பூசணும். மீன்வளத்துறை உரிமம், கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை இரண்டும் பெண்கள் பேரிலும் இருக்கணும். ஏதாவது நடந்தால் ‘சும்மா கூடப் போனவள்’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நான் கடன் மனுக்கள் நிறையப் பார்த்துவிட்டேன். தையல் மெஷினுக்கு எழுதுவார்கள், வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு எழுத மாட்டார்கள். பலகாரக் கடைக்கு அடுப்பு எழுதுவார்கள், கேஸ் டியூப் பழசே போதும் என்பார்கள். தொகையைக் குறைக்கணும் என்றால் நாம் முதலில் அடிப்பது நம்ம கண்ணுக்கும் கைக்கும் உயிருக்குமான வரியைத்தான். யாரும் சொல்லாமலே அடித்துவிடுகிறோம், அதைச் சிக்கனம் என்றும் நினைத்துக்கொள்கிறோம். அதனால் மனுத் தாளிலேயே பாதுகாப்புச் சாமான் என்று முதல் வரியை அச்சடித்துக் கொடுங்கள். அந்த வரி காலியாக இருந்தால் மனுவைத் திருப்பி அனுப்புங்கள். அதை அடிக்கிற உரிமை ஊக்குநருக்கும் வேண்டாம், கடன் கேட்கிறவளுக்கும் வேண்டாம்.

ஊருக்குப் போனதும் அந்தப் பழைய தீர்மானத்துக்குக் கீழே நடந்ததை நடந்தபடி எழுதி, நானும் என் நாத்தனாரும் கையெழுத்துப் போடப்போகிறோம். பரிசல்காரருக்கு இது தெரிந்தால், "அன்னைக்கே சொன்னேனே" என்பார். சொல்லட்டும். பொம்பளை என்பதால் அவள் விழவில்லை. உடுப்பு இல்லாமல் போனதால்தான் சாகப் பார்த்தாள். அந்த வரியை அடித்தது நான்.